ஆவாரையின் பூவும் பட்டையும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் பாலவனத்தம் இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர் புதிதல்ல. 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். பழைய ஏடுகளைத் தேடித் திரட்டியது, ‘செந்தமிழ்’ இதழை நடத்தியது, ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை 1910இல் வெளியிட்டது என அந்தச் சங்கத்தின் பணிகளை விட்டுவிட்டு இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் வரலாற்றை எழுத முடியாது. அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமும் அல்ல. ஆனால் ஏடுகளைத் தேடிய அதே காலத்தில், அதே ஜமீனின் கரிசல்காட்டில், ஏட்டில் ஏறாத ஓர் அறிவு நம் குடியிருப்புகளில் புழங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி, ஒரே ஒரு செடியை எடுத்துக்கொண்டு, இந்த நினைவுச் சொற்பொழிவில் பேசலாம் என்று நினைக்கிறோம்.

இதற்காகப் பாலவனத்தம் பக்கமும் திருச்சுழி பக்கமும் சில குடியிருப்புகளுக்குப் போய் வயதானவர்களோடு உட்கார்ந்து பேசினோம். பேசியவர்கள் எல்லோரும் தலித்துகள், பெரும்பாலோர் பெண்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டார்கள். அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

செடி, ஆவாரை. கண்மாய்க்கரை, தரிசு, சாலையோரம், சுடுகாடு என்று யாரும் விதைக்காமல் யாரும் நீரூற்றாமல் மஞ்சளாகப் பூத்து நிற்பது. மழை பொய்த்த வருடத்திலும் நிற்கும். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. மடலேறும் சங்ககால ஆண் சூடிக்கொள்வதும் இந்தப் பூவைத்தான். பொங்கலுக்கு முதல்நாள் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுவதற்கு இன்றைக்கும் எல்லாச் சாதியாரும் இதைத் தேடிப்போகிறார்கள். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்கிற பழமொழியைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இல்லை. 1753இல் லின்னேயஸ் இதற்கு காசியா ஆரிகுலாட்டா என்று பெயர் வைத்தார். இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல ஒட்டியிருக்கும் செதிலைப் பார்த்து வைத்த பெயர். இப்போது தாவரவியலார் சென்னா ஆரிகுலாட்டா என்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: தோல் பதனிடுவோரின் காசியா. பூவைப் பாடிய இலக்கியத்துக்கும் காப்புக் கட்டும் வீடுகளுக்கும் இந்தக் கடைசிப் பெயர் சற்று அந்நியமாகத் தோன்றலாம். நம் தாத்தாக்களுக்குத் தோன்றாது.

முதலில் மருந்தைப் பார்ப்போம். பெண்கள் சொன்னவற்றைச் சொன்ன வரிசையிலேயே தருகிறோம். உடம்பு காந்தலெடுத்தால் பூவை அவித்து வடிகட்டிக் குடிப்பது. கருப்பட்டி இருந்தால் போடுவது, இல்லாவிட்டால் அப்படியே. நீர்க்கடுப்புக்கும் அதுதான். நிழலில் உலர்த்திய பூவைப் பாசிப்பயறோடு இடித்துப் பிள்ளைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவது. அரிப்பும் சிரங்கும் அண்டாது. களையெடுக்கப் போகும்போது உச்சிவெயிலுக்குக் கொழுந்தைப் பறித்துத் தலையில் வைத்து அதன்மேல் முந்தானையை இழுத்துக்கொள்வது. வயிற்றோட்டத்துக்குப் பட்டையைத் தட்டிக் கஷாயம். வாய்ப்புண்ணுக்கும் தொண்டைப்புண்ணுக்கும் அதே கஷாயத்தைக் கொப்பளிப்பது. சேற்றுப்புண்ணுக்கு அதே தண்ணீரில் காலை ஊறவைப்பது. ‘சுகருக்கு’ப் பூவைக் குடிப்பது மட்டும் பிற்பாடு வந்தது என்றார் ஒரு பாட்டி. “எங்க காலத்துல சுகர எங்க கண்டோம் தாயி, வவுறு நெறஞ்சவுகளுக்கு வந்த நோயில்ல அது” என்று சொல்லிச் சிரித்தார். இப்போது அவருக்கும் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார்.

ஏட்டு மருத்துவம் இதை அறியாததல்ல. இலை, பூ, காய், பட்டை, வேர் ஐந்தையும் சேர்த்து ஆவாரைப் பஞ்சாங்கம் என்று சித்த மருத்துவம் சொல்கிறது. நீரிழிவுக்கான ஆவாரைக் குடிநீரில் கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருது ஆகியவை சேர்கின்றன. இலங்கையில் சிங்களர் இதை ரணவரா என்று அழைத்துத் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆவாரம்பூச் சாறு, நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள். எலிகளில் கண்டதை நம்பி யாரும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம். மரபின் பெருமை பேசும் மேடைகளில் இந்த எச்சரிக்கையைக் கேட்க முடிவதில்லை.

வீட்டு வைத்தியம் என்ற சொல்லை இன்று நாம் கேட்கும்போது, பாட்டியின் அன்பு, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றெல்லாம் மனத்தில் படம் ஓடுகிறது. சேரியின் வீட்டு வைத்தியத்துக்கு அந்தப் படம் பொருந்தாது. வீட்டுக்கு வெளியே வைத்தியம் கிடைக்காததால் அது வீட்டு வைத்தியமாயிற்று. அம்பேத்கர் தம் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ குறிப்புகளில் ஒரு சம்பவத்தை எடுத்துத் தருகிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளிவந்த கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாட்களில் மூச்சு முட்டிக் கிடக்கிறார். குடியிருப்புக்குள் வர மாட்டேன் என்ற நிபந்தனையோடு மருத்துவர் வருகிறார். நோயாளியை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் உடல்வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். அது அதே வழியில் திரும்பிப்போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். மறுபடி வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோகிறார். மருத்துவர் தொட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. தொடாத மருத்துவத்தில் நாடி பார்க்க முடியாது என்பது தெரியும். சேரிப்பெண் தன் கைக்கெட்டிய செடியிடம் போனதற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

கைக்கெட்டிய செடி ஆவாரையாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் செடி ஏற்கெனவே நம் வேலைக்களத்தில் இருந்தது.

மோட்டார் வருவதற்கு முன்னால் இந்த வானம் பார்த்த பூமியில் கிணற்றுத் தோட்டம் வைத்திருந்தவர்கள் கமலை கட்டித்தான் இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்க வடம் இழுபட்டுக் கூனை மேலே வரும். கூனையின் அடியில் கோத்த தோல்வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாயும். வால் இற்றுப்போனால் இறைப்பு நின்றுவிடும். அந்த வாலைப் பதனிட்டுத் தைத்துக் கொடுக்கும் வேலை இங்கே அருந்ததியர்மீது சுமத்தப்பட்டிருந்தது. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப்போவது, உரிப்பது, பதனிடுவது, தைப்பது என்று எல்லாம் ஒரே கையில். பதிலுக்குக் களத்தில் தானியம் அளக்கும்போது ஒரு பங்கு. அந்தப் பங்குக்கு ஊர்வழக்கில் பெயர் ‘சுதந்திரம்’. 1947க்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்த சுதந்திரம் இதுதான். மரக்கால் கணக்கில் கிடைத்தது.

பதனிடும் முறை கிராமத்தில் எளிமையானது, ஆனால் நாள்பிடிப்பது. தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரைச் சிரைத்து எடுப்பார்கள். பிறகு அலசி, இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போடுவார்கள். சில இடங்களில் தோலையே பைபோலத் தைத்து, அதற்குள் பட்டையும் தண்ணீரும் நிரப்பி, மரக்கிளையில் தொங்கவிடுவதும் உண்டு. பட்டைச்சாறு உள்ளிருந்து கசிந்து கசிந்து தோல் பதமாகும். தொழிற்கூடங்களில் கடைசியாக ஒரு தடவை கடுக்காய்த் தண்ணீரும் காட்டுவார்கள். ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும், கடுக்காய் அதைத் தடுக்கும். கவனியுங்கள்: ஆவாரை, கடுக்காய் இரண்டுமே நாட்டு மருந்துக் கடையின் சரக்குகள். கடுக்காயைத் தாயினும் மேலாகச் சொல்லும் மருத்துவ மரபு, அதே கடுக்காய்த் தண்ணீரில் கைநனைத்தவரைத் திண்ணையில் ஏறவிடவில்லை.

பட்டையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்குவரை டானின் எனப்படும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. பச்சைத்தோலில் உள்ள புரதநாரோடு அது பிணைந்துகொள்வதால் தோல் அழுகுவது நிற்கிறது. வாய்ப்புண்ணில் பட்டைக் கஷாயம் படும்போது நடப்பதும் இதன் சிறு வடிவம்தான். புண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் இறுகி ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது, கசிவும் எரிச்சலும் குறைகின்றன. வயிற்றோட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அந்தத் துவர்ப்புதான். தோல் தொட்டிக்குள் நடக்கும் வேதியியலும் கஷாயச் சட்டிக்குள் நடக்கும் வேதியியலும் ஒன்று. எந்த வயதுச் செடியில் பட்டை உரிக்கலாம், எவ்வளவு ஊறினால் எவ்வளவு துவர்க்கும், எந்த நிறம் வந்தால் போதும் என்பதை நாள்தோறும் கண்ணாலும் நாக்காலும் விரலாலும் சோதித்தவர்கள் தோல் தொட்டியில் நின்றவர்கள். பதனிடும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார்: சுண்ணாம்புத் தொட்டியில் கை வெந்துபோகும், சாயங்காலம் பட்டைத்தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். “தோலுக்குப் போட்டது போக மிச்சந்தான் எங்களுக்கு மருந்து” என்றார். மருந்து முதலில் வந்ததா, தொழில் முதலில் வந்ததா என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சட்டியில் இருந்தன என்பதைச் சொல்ல முடியும்.

கிராமத் தொட்டியைத் தாண்டி இந்தப் பட்டைக்கு உலகச் சந்தையும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போன பதனிட்ட தோல்கள் ஆவாரம்பட்டையில் ஊறியவை. பெரியமேடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் மண்டிகளின் செல்வம் இந்தச் செடியின் முதுகில் ஏறியது. காட்டிலும் தரிசிலும் பட்டை உரித்துக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து விற்றவர்கள் பெரும்பாலும் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும். முதல் உலகப்போரில், 1916இல், அரசு இந்தத் தோல்களைப் படையினரின் காலணிகளுக்காகத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் நின்ற சிப்பாயின் காலணியில் நம் தரிசுகளின் ஆவாரைத் துவர்ப்பும் இருந்திருக்கிறது. போருக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை மலிவாக வந்து இறங்க, ஆவாரம்பட்டை மெல்லப் பின்வாங்கியது.

இனி எழுத்துக்கு வருவோம். செடிகளைப் பற்றிய அறிவு அச்சேறும்போது, யாருடைய பெயர் உடன் ஏறுகிறது?

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ நூலில், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் பெயரும் அவர் கையெழுத்திட்ட சான்றும் இடம்பெற்றன. தீண்டாமைக்கு உட்பட்ட சாதி ஒன்றைச் சேர்ந்த மருத்துவர், தன் பெயரோடும் தன் எழுத்தோடும் ஐரோப்பிய அச்சுக்குள் நுழைந்தார். இது அபூர்வம். 1813இல் சென்னையில் ஒய்ட்லா ஐன்ஸ்லி என்ற இராணுவ மருத்துவர் இந்துஸ்தானத்து மருந்துச் சரக்குகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 1826இல் அதை ‘மெட்டீரியா இண்டிகா’ என்று விரித்தார். அதில் செடிகளுக்குத் தமிழ்ப்பெயர்கள் நிரம்பக் கிடக்கின்றன. ஆவாரையும் இருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தேடினால், பெரும்பாலும் ‘தமிழ் வைத்தியர்கள்’ என்ற பொதுச்சொல்தான் கிடைக்கிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, 1904இல், ஆல்பிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத் தோல்தொழில் குறித்துத் தனிநூல் எழுதினார். நூலகத்தில் ஐன்ஸ்லி மருத்துவ அடுக்கில் இருப்பார், சாட்டர்டன் தொழில் அடுக்கில் இருப்பார். ஆவாரை இரண்டு அடுக்குக்கும் பிரிந்துபோயிற்று. ஊருக்குள் சாதி செய்த பாகப்பிரிவினையை நூலகம் நகலெடுத்துக்கொண்டது.

1921இல் நீதிக்கட்சி ஆட்சியின்போது முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாட்டு மருத்துவங்களுக்கு அறிவியல் தகுதி உண்டா என்று ஆராய்ந்து 1923இல் அறிக்கை தந்தது. அலோபதி மருத்துவரின் ஏளனத்துக்கு எதிராக வைத்தியர்கள் தம் தரப்பைச் சொல்லக் கிடைத்த முக்கியமான வாய்ப்பு அது. குழு கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களைப் பெற்றது. கேள்வித்தாள் எழுதப் படிக்கத் தெரிந்தவர் வீட்டுக்கதவைத்தான் தட்டும். பட்டை இடித்த பெண்ணிடம் அது வந்திருக்க வழியில்லை. நவீன அரசின் கண்ணில் நாட்டு மருத்துவம் என்பது நூல் வைத்திருப்பவரின் மருத்துவம் என்று ஆனதில் இந்தக் கேள்வித்தாளுக்கும் பங்குண்டு.

இப்படிச் சொல்லும்போது, நூல் அவர்களுடையது, வாய்மொழி நம்முடையது என்று கோடு கிழித்துவிடும் அபாயம் இருக்கிறது. இவ்வுரையின் முதல் வரைவில் நாங்களே அப்படித்தான் எழுதியிருந்தோம். அயோத்திதாசப் பண்டிதரை நினைத்தவுடன் அந்தக் கோடு நிற்கவில்லை. 1845இல் பிறந்து 1914இல் மறைந்த பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். காத்தவராயன் என்ற இயற்பெயரை விட்டுத் தம் ஆசிரியரின் பெயரை ஏற்றவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய ராயப்பேட்டையில்தான் அவர் மருத்துவமும் பார்த்தார். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த திரு.வி.க. தமக்குப் பண்டிதர் செய்த சிகிச்சையைத் தம் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ நூலில் நன்றியோடு எழுதியிருக்கிறார். ஏடும் இலக்கணமும் மருத்துவமும் பறையர் குடும்பங்களில் இருந்தன என்பதற்குப் பண்டிதரின் வாழ்க்கையே ஆவணம். ஆகவே நம்மிடம் இரண்டும் இருந்தன. ஏட்டறிவு இருந்தவரை ‘விதிவிலக்கு’ என்றார்கள். கையறிவு இருந்தவரை ‘கூலி’ என்றார்கள். இரண்டு வழியிலும் ‘மருத்துவர்’ என்ற சொல் நம் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

1950களிலும் 60களிலும் மின்மோட்டார்கள் வந்தன. கமலை நின்றது, தோல்வால் தேவைப்படவில்லை. களத்துச் சுதந்திரமும் நின்றது. அந்த வேலை போனதற்காக யாரும் அழவில்லை. செத்த மாட்டிறைச்சியை விட்டொழியுங்கள் என்று 1927இல் மகாடில் அம்பேத்கர் சொன்னது, இங்கே பெயர்கூடத் தெரியாத பலரின் சொந்த முடிவாகவும் இருந்தது. தொட்டியை மண்போட்டு மூடியவர்கள் தன்மானத்தோடு மூடினார்கள். மூடும்போது பட்டையின் பக்குவமும் உள்ளே போயிற்று. அதைத் தோண்டி எடுத்து மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல நமக்கு மட்டுமல்ல, எவருக்கும் உரிமை கிடையாது. மரபறிவைக் காக்க வேண்டும் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள், யார் முதுகில் வைத்துக் காப்பது என்பதைச் சொல்வதில்லை.

தரிசின் முகமும் மாறிவிட்டது. 1948 சட்டத்தால் ஜமீன் போனது. ஜமீன் தரிசுகள் புறம்போக்காயின. பிறகு சீமைக்கருவேல் வந்து ஆவாரை நின்ற இடங்களைப் பிடித்துக்கொண்டது. பட்டை உரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இப்போது கரிமூட்டம் போடுகிறார்கள். ஆவாரம்பூவோ பொட்டலத்தில் ஏறிவிட்டது: சர்க்கரைக்குத் தேநீர், முகத்துக்குப் பொடி. உறையில் தாடி வைத்த முனிவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பூப்பறிக்கிறவருக்குக் கிலோக் கணக்கில் கூலி.

பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இல் வந்தபோது, மரபறிவை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் அதன் பலனில் ஒரு பங்கை அதற்குரிய மக்களுக்குத் தர வேண்டும் என்றது. 2023 திருத்தம், ஏட்டில் ஏறித் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. ஆவாரைக் குடிநீர் ஏட்டில் இருக்கிறது. எனவே விலக்குக்குள் வரும். சேரிப்பெண்ணின் பட்டைக் கஷாயம் ஏட்டில் இல்லை; எனவே பங்கு கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு, இது எங்களுக்குத் தெரியும் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதச் சட்டம் தந்திருக்கும் இடம், ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. செடியின் பெயர், பயன், பயன்படும் பகுதி என்று பத்திகள் போகும். மரபறிவு உடையவர் அல்லது சமூகம் யார் என்றும் ஒரு பத்தி உண்டு.

அந்தப் படிவத்தின் நகலோடு, சுகரைச் சொல்லிச் சிரித்த பாட்டியிடம் மறுபடி போனோம். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். பூவுக்கு ஒன்பது பயன் எழுதினோம். பட்டைக்கு வந்ததும் நிறுத்தினார்.

“பூவ எழுதிக்கிருங்க தாயி. பட்டைய எழுத வேணாம். பேரன் காலேசுல படிக்கிறான்.”

நாங்கள் எழுதவில்லை. பட்டைக்கு நேரே உள்ள அந்தப் பத்தி காலியாகவே இருக்கிறது.